வேத்துச்சா?

அவர் என்னை முதன்முதலில் அறைந்தது எனக்குக் காய்ச்சல் வந்ததற்காக.

அக்காவின் வீட்டுக்காரர் அவர், எனக்கு அத்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்த பிறகு அக்கா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். நான் வந்த முதல் மார்கழியில் சளி பிடித்து உடம்பு கொஞ்சம் சுட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். பொழுது விடிந்ததும் போர்வை பறந்தது, கன்னத்தில் ஒன்று விழுந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உரலுக்கு முன்னால் நிறுத்தினார். உலக்கையைக் கையில் திணித்தார்.

"குத்து. வேக்கற வரைக்கும் குத்து."

அழுதுகொண்டே குத்தினேன். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, கடைசியில் முதுகிலும் ஒழுகியது.

"வேத்துச்சா?"

"ம்."

"அப்ப போயிடுச்சு. போயி கஞ்சி குடி."

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் போய்விட்டது. வெறும் ஜலதோஷம், படுத்துக் கிடந்திருந்தாலும் போயிருக்கும். ஆனால் போய்த் தொலைந்ததே, அதுதான் வினையாயிற்று. "எங்க வீட்டுப் புள்ளயக் கேட்டுப் பாருங்க" என்று அவர் என்னையே சாட்சியாக்கி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு இன்றைக்கும் அந்த ஜலதோஷத்தின் மேல் கோபம் உண்டு.

ஆள் உயரமில்லை. கழுத்து என்று தனியாக ஒன்று இருந்ததாகத் தெரியாது. காதுகள் இரண்டும் நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி இருக்கும். இளவட்டமாக இருந்தபோது நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார். அங்கே ஒரு பாய் நடத்திய தாலிம்கானாவில் குஸ்தி கற்றுக்கொண்டு, காதுகளை அங்கேயே பறிகொடுத்துவிட்டு வந்தார். ஊருக்குத் திரும்பியதும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கோதா அமைத்தார். செம்மண்ணைச் சலித்துக் கொட்டி, மோரும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் விட்டுப் பிசைந்து வைத்த குஸ்திக் களம் அது. விடியற்காலையில் ஊர் ஆண்கள் அங்கே வந்து தண்டால், பஸ்கி எடுப்பார்கள். கர்லாக்கட்டை சுற்றுவார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் மண்ணில் புரட்டுவார்கள்.

யாருக்கு என்ன நோய் வந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான். வயிற்று வலிக்காரன் வந்தாலும் வேத்துச்சா. பல் வலிக்காரன் வந்தாலும் வேத்துச்சா. பிரசவம் தள்ளிப்போன ஒருத்தியைப் பற்றி அவள் புருஷன் கவலைப்பட்டபோதுகூட அந்தக் கேள்வியைக் கேட்டு, என் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மிராசுதாரின் நிலத்தைத்தான் எங்கள் வீடும் இன்னும் சில வீடுகளும் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தன. மிராசுதாருக்கு ஓர் ஏஜெண்டு உண்டு. ஒல்லியான மனிதர், எப்போதும் குடை, எப்போதும் இருமல். ஒருநாள் ஆட்களோடு வந்து எங்கள் வயலின் வரப்பில் முளைக்குச்சி அடித்தார். அத்தான் அவரைக் குடையோடு சேர்த்துத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார். முளைக்குச்சிகளைப் பிடுங்கி, உடன் வந்தவர்களின் முதுகில் அவை முறிகிற வரைக்கும் அடித்தார். நனைந்து போன ஏஜெண்டு மறுநாள் காய்ச்சலில் படுத்தார் என்று சேதி வந்தது. அத்தான் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

"எந்திரிங்க. சண்டை வேற, ஒடம்பு வேற. நாலு பஸ்கி எடுங்க, நான் பிடிச்சிக்கறேன்."

ஏஜெண்டின் மனைவி விளக்குமாற்றோடு வந்து வாசல்வரை விரட்டினாள். முகத்தில் ஈர்க்குக் கீறல்களோடு திரும்பி வந்து, "நல்லதுக்குக் காலமில்ல" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். நானும் அக்காவும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அந்த ஏஜெண்டைப் பற்றி நான் சிரித்தது அதுதான் கடைசி.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு தத்துவம் இருந்தது. கோதாவில் நின்று சொல்வார்:

"காய்ச்சல்னா என்னன்னு நெனச்ச? நம்ம நெலத்துல அடுத்தவன் ஆளை எறக்கறான். நீ படுத்துக்கிட்டா அவன் பாட்டுக்கு அறுத்துக்கிட்டுப் போயிடுவான். எந்திரிச்சு நின்னு அடிக்கணும். வேர்வையோட வெளிய தள்ளணும்."

இந்தப் பேச்சு எங்கள் ஊரில் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. சாகுபடி செய்கிறவனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொன்னது. எங்கள் பக்கத்து வழக்கம் வேறு சொன்னது. விளைந்ததை எவன் அறுக்கிறானோ அவன் கையில்தான் நிலம். ஒரு போகத்தை மிராசுதாரின் ஆட்கள் அறுத்துவிட்டால் போதும், தாசில்தாரிடம் போய் "சொந்தச் சாகுபடி" என்று சொல்லிவிடுவார். அப்புறம் நாம் வரப்பில்கூட கால் வைக்க முடியாது. அதனால் தை பிறந்தாலே எங்கள் ஊரில் பொங்கலைவிட லாரிச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். புது ஆட்சி வந்ததும் அத்தான் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு போட்டுக்கொண்டு, இனிமேல் நம் காலம் என்றார். அடுத்த மாதமே மிராசுதாரும் அதே கரை வேட்டியில் மேடையேறினார். அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து ஒரு கர்லாக்கட்டையை உரலில் அடித்து இரண்டாகப் பிளந்தார்.

பிற்காலத்தில் நான் நர்ஸாகி, தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியிலேயே தலை நரைத்தேன். அதனால் நியாயமாகச் சொல்கிறேன். அவர் பாதி சரி. விடியற்காலையில் அளவாகப் பயிற்சி செய்துவிட்டு, பழையதும் எள்ளுருண்டையும் சாப்பிட்டு வேலைக்குப் போன காலத்தில் கோதா ஆட்களுக்குச் சளிகூட அதிகம் பிடிக்காது. ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது இவர்கள் மட்டும் வாய்க்கால் தண்ணீரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். அன்றாடம் அசைகிற உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தியும் விழித்துத்தான் இருக்கும். முழுக்கத் தப்பான ஆளை ஊர் நம்பாது. பாதி சரியான ஆளிடம்தான் தலையைக் கொடுப்பார்கள்.

அத்தானுக்கு ஒரு தம்பி, கலியபெருமாள். எனக்குப் பேசி வைத்திருந்தவர். தை அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கையில் வலு உண்டு, ஆனால் அவருக்குப் பிடித்தது தூக்கம். வண்டி ஓட்டிக்கொண்டே தூங்குவார், மாடு தானாக வீடு வந்து சேரும். "ஒரு கண்ணு அசந்துட்டு வரேன்" என்று போனால் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். அத்தான் அவர் மேல் தண்ணீரைக் கொட்டி எழுப்புவார். அவர் நனைந்தபடியே திரும்பிப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த மார்கழிக் கடைசியில், மிராசுதார் வெளியூரிலிருந்து கம்பு சுற்றுகிற ஆட்களைத் திரட்டுகிறார் என்று சேதி வந்தது. அத்தானுக்கு வெறி ஏறிவிட்டது. காலை ஒரு வேளைப் பயிற்சியை இரண்டு வேளை ஆக்கினார். பகல் முழுக்க வயலில் முதுகு ஒடிந்தவர்களைச் சாயங்காலம் மறுபடியும் கோதாவுக்கு இழுத்தார். மேல்மூச்சு வாங்கினால் புளிய விளாரால் முழங்காலில் அடி. பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத நேரம், எல்லார் வீட்டிலும் அரைவயிற்றுக் கஞ்சிதான். பத்து நாள் போவதற்குள் ஆட்கள் கண் குழிந்து போனார்கள். ஒருவருக்கு வாயெல்லாம் புண். இன்னொருவருக்குச் சிரங்கு ஆறவே இல்லை. ஊரில் ஒரு சளிக்காய்ச்சல் நுழைந்தபோது, போன வருஷம் வரை தப்பித்த கோதா ஆட்கள்தான் இந்தத் தடவை முதலில் இருமினார்கள்.

அதோடு ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பயிற்சி முடிந்ததும் அத்தானின் கரைத் துண்டு கை மாறும். எல்லாரும் அந்த ஒரே துண்டில் முகத்தைத் துடைக்க வேண்டும். "நம்ம வேர்வை ஒண்ணு, நம்ம ரத்தம் ஒண்ணு" என்பதற்கு அது சத்தியம். துடைக்காதவன் மிராசுதாரின் கைக்கூலி. இருமுகிறவன் துடைப்பான், மூக்குச் சிந்துகிறவன் துடைப்பான், துண்டு அடுத்தவன் முகத்துக்குப் போகும். நான் ஒருநாள் அதை வெந்நீரில் போட எடுத்தேன். "சத்தியத்த அவிக்கப் போறியா?" என்று பிடுங்கிக்கொண்டார்.

கலியபெருமாளுக்குக் காய்ச்சல் வந்தது அறுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது. மாடிப்படிகூட இல்லாத வீட்டில், வாசலிலிருந்து கொல்லைக்கு நடப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்றார். அத்தான் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போய்க் கோதாவில் நிறுத்தினார்.

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள் விடுண்ணே. படுத்துக்கறேன்."

"படுத்தா எந்திரிக்க மாட்டடா. எடு பஸ்கி."

எடுத்தார். விழுந்தார். விளார் அவர் முதுகில் இறங்குகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

அறுப்பு அன்று காலை பனி விலகவில்லை. கரைமேட்டில் லாரிகள் வந்து நின்றுவிட்டன. அத்தான் வீடு வீடாகக் கதவை உதைத்தார். பாதிப் பேர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். ஒருவரைத் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார், அவர் அங்கேயே வாந்தி எடுத்துச் சுருண்டார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், அவுரு ஒடம்பு அனலாக் கொதிக்குது. விட்டுடுங்க."

"கொதிச்சாத்தான் உள்ள எறங்குனவன் சாவான். தள்ளு புள்ள."

அவர் தள்ளியதில் என் நெற்றி நிலைப்படியில் மோதிப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய வழிய, கலியபெருமாள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பார்த்தேன். "வந்துடறேன்" என்றார் என்னிடம். அண்ணன் மேல் இருந்த பயமா, நிலத்தின் மேல் இருந்த ஆசையா, எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பெண்கள் அரிவாளோடு வயலில் இறங்கினோம். ஆண்கள் வரப்பில் நின்றார்கள். லாரியிலிருந்து குதித்தவர்கள் கம்பும் வேல்கம்புமாக வந்தார்கள். ஏஜெண்டு லாரிப் பக்கத்திலேயே குடையோடு நின்றுகொண்டார். மண்டையில் கம்பு விழுந்தால் தேங்காய் உடைகிற சத்தம் வரும் என்பார்கள். அப்படி இல்லை, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான். அத்தான் ஒருவனுடைய கையை முதுகுப் பக்கம் முறுக்கி ஒடித்தார், அவன் அலறல் வயல் முழுக்க ஓடியது. எங்கள் ஆள் ஒருவரின் தாடை தொங்கிப்போய் ரத்தம் நெற்பயிரில் சொட்டியது. கலியபெருமாள் கம்பைச் சுழற்றிக்கொண்டு ஒருவனை வரப்போடு வரப்பாக வெகுதூரம் துரத்தினார். ஓட்டமாகவே திரும்பி வந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, முழங்காலில் கையை ஊன்றினார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. வியர்வை ஆறாக ஓடியது. அப்படியே உட்கார்ந்தார். நெற்பயிரின் மேல் சாய்ந்து படுத்தார்.

அவரைச் சுற்றி ஒரு பகையாளும் இல்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"கொன்னுட்டாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். கொலை என்றதும் வெளியூர் ஆட்கள் பயந்துவிட்டார்கள். விழுந்தடித்து லாரியில் ஏறி ஓடிப்போனார்கள். அத்தான் தம்பியைத் தூக்கி வரப்பில் கிடத்தி, அந்தக் கரைத் துண்டால் முகத்தை மூடினார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"அறுங்கடி. அவன் உசுரக் குடுத்த பயிரு. ஒரு கதிர் நிக்கக் கூடாது."

அழுதுகொண்டே அறுத்தோம். நான் கட்டிக்கொள்ள இருந்தவர் வரப்பில் கிடக்க, என் கை அறுத்துக்கொண்டிருந்தது. ஒருதடவை நிமிர்ந்து சொன்னேன்.

"அவுர யாரும் அடிக்கல அத்தான். நான் பாத்தேன்."

இரண்டாவது அறை அப்போது விழுந்தது.

பிரேதப் பரிசோதனை செய்த தஞ்சாவூர் டாக்டரும் அதையே சொன்னார். முதுகில் விளார்த் தழும்பு தவிரக் காயமே இல்லை, இதயம் வீங்கி நின்றிருக்கிறது என்றார். "காய்ச்சல் இருந்துச்சாம்மா? காய்ச்சலோட கடினமா ஏதாவது வேலை செஞ்சாரா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அறைந்தார்.

"மிராசுதார் வீட்டு விருந்து ருசியா இருந்துச்சாய்யா?"

பால் தெளித்த அன்று, மொட்டையடித்த தலையோடு மிராசுதாரின் களத்துக்குப் போனார். ஏஜெண்டு நெற்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரக்கால் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் கத்தவில்லை, ஓடவில்லை. ஏஜெண்டு கும்பிட்டபடி கையைத் தூக்கினார். வலது கை மணிக்கட்டோடு நெற்குவியலின் மேல் விழுந்தது. அளந்துகொண்டிருந்தவர்கள் சிதறி ஓட, அத்தான் அரிவாளை வாய்க்காலில் கழுவிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அவர் திருச்சி ஜெயிலுக்குப் போனார். நிலம் எங்களிடமே நின்றது. அக்கா உழுதாள். நான் அந்த வீட்டில் இருக்க முடியாமல் நர்ஸ் படிப்புக்குப் போனேன். அவர் திரும்பி வந்ததும் கோதா மறுபடியும் நடந்தது என்று கேள்விப்பட்டேன். கலியபெருமாளின் படத்தை அங்கே மாட்டி, "எதிரி கையால செத்தான், வியாதியில சாகல" என்று சொல்லிவந்தாராம்.

பல வருஷம் கழித்து அக்கா அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு என் வார்டுக்கு வந்தாள். காய்ச்சல், நெஞ்சில் பாரம், நாலடி நடந்தால் மேல்மூச்சு. டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் இதயத் தசையில் இறங்கியிருக்கிறது, கட்டிலைவிட்டு எழவே கூடாது என்றார். டாக்டர் போனதும் இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"படுத்துக் கெடந்தா எப்புடி புள்ள போகும்?"

அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன்.

"அத்தான், ஒடம்புக்குன்னு காவல் ஆளுங்க இருக்காங்க. உள்ள எறங்குனவனோட அவங்க இப்ப சண்டையில நிக்கறாங்க. அந்த நேரத்துல நீங்க பஸ்கி எடுத்தா, அத்தன பேரையும் கூப்புட்டு நாத்துக்கட்டு தூக்கச் சொல்ற மாதிரி. காவல் போயிடும். வந்தவன் நேரா நெஞ்சுக்குப் போவான்."

ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"கலியனுக்கும் இதானா?"

"ஆமா."

"அப்ப அந்த ஏஜெண்டு?"

"அவரு உங்க தம்பியத் தொடவே இல்ல. அன்னிக்கே சொன்னேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. அதை மறைப்பானேன்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது கட்டில் காலி. தேடிப் போனேன். வார்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், சட்டையில்லாமல் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. வியர்வை ஆறாக ஓடியது. எந்த முகம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்க!"

"விடு புள்ள. அவன எடுக்க வெச்சேன்ல. நானும் எடுக்கறேன். எடுத்தே போறேன்."

அறைந்தேன். என் கையில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்து அறைந்தேன். நசுங்கிய காதோடு தலை அந்தப் பக்கம் திரும்பியது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் 'ங்க' போட்டே பேசிய மனிதரைப் பார்த்துக் கத்தினேன்.

"படுடா! போய்ப் படுடா!"

என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார். அப்புறம் எழவில்லை. சோறு ஊட்டினால் தின்றார், துடைத்துவிட்டால் துடைக்க விட்டார். ஏழெட்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூச்சு சீரானது. அடுத்த மாதம் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். மருந்து என்று பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. படுக்க வைத்தோம், பிழைத்தார்.

கிளம்புகிற அன்று அக்கா பையோடு வாசலில் நின்றாள். அவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்று, அந்தக் கட்டிலையே பார்த்தார். தலையணையில் தலை பதிந்திருந்த பள்ளத்தைக் கையால் தடவினார்.

"இவ்ளோதானா புள்ள? படுத்திருந்தா போதுமா?"

"போதும் அத்தான்."

"அவன் படுத்துத்தான கெடந்தான்" என்றார்.